குறையுள்ள கல்லும் பெருங்காந்தமும்

மனித குலம் இதுவரை உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. இதைச் சொன்னவர் அதை ஓட்டுபவர். இரண்டு ஆள் உயரக் காந்தம். எதையாவது குழாயில் ஊற்றி உள்ளே இறக்கினால், அதன் அணுக்கருக்கள் முணுமுணுப்பதைக் கேட்டு இன்ன மூலக்கூறு என்று சொல்லிவிடும். ஓட்டுபவரையே நாங்கள் பெருங்காந்தம் என்போம். அவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

வினை அவர் வீட்டிலிருந்து வந்தது. மேல்தளத்து வேதியியலாளர் அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அண்ணி ஒரு புது மூலக்கூறு செய்தார். கிடைத்தது எறும்பின் கண்ணீர் அளவு. சாயங்காலத்துக்குள் சிதைந்துவிடும், அதற்குள் இன்னதென்று காட்டாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. பாதியைக் காந்தத்துக்குள் இறக்கினார்கள். திரையில் வெறும் இரைச்சல்.

"ஒண்ணுமே இல்லையே" என்றார் பெருங்காந்தம்.

"இருக்கு. உங்க காந்தத்துக்குக் காது மந்தம்."

மீதிப் பாதியோடு அண்ணி மூலை அறை அக்காவிடம் போனார். அக்காவிடம் இருப்பது மிளகில் பாதி கூட வராத ஒரு வைரம். உள்ளே கரி அணுக்களின் வரிசையில் அங்கங்கே ஒரு நைட்ரஜன் வந்து குடியேறியிருக்கும். அதன் பக்கத்து இருக்கை காலி. அந்தக் குறைதான் கருவி. பச்சை லேசர் அடித்தால் சிவப்பாக ஒளிரும். மேலே வைத்த துளியில் அணுக்கருக்கள் புரண்டு படுத்தால், அந்த ஒளி இம்மி கூடும், இம்மி குறையும். ஒழுங்காக இருந்திருந்தால் அந்தக் கல் மோதிரத்தில் உட்கார்ந்திருக்கும்.

பின்னாலேயே வந்த பெருங்காந்தம் எட்டிப் பார்த்தார். "குறையுள்ள கல்லை வச்சா அளக்கற? கடையில திருப்பிக் குடுத்துடும்மா."

"குறை இருக்கறதாலதாண்ணே அதுக்குக் காது கேக்குது."

"அப்படிப் பாத்தா இவருக்கு ஊசி விழுந்தாக்கூடக் கேக்கணுமே" என்றார் அண்ணி.

அக்கா கொண்டை ஊசி, சாவி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வாசல் தட்டில் போட்டார். அண்ணியும் நானும் போட்டோம்.

"வைரம் பொறாமைப்படுமோ?" பெருங்காந்தம் சிரித்தார்.

"இரும்பு பக்கத்துல அசைஞ்சா அதையும் சேத்துக் கேக்கும்ணே."

"என் காந்தம் வாசல்ல லாரி போனாக்கூடச் சட்டை பண்ணாது."

அளவு தொடங்கியது. ஒரு தடவை கேட்டால் ஒன்றும் புரியாது. ஆயிரக்கணக்கான தடவை கேட்டுச் சராசரி எடுக்க வேண்டும். திரையில் கோடு மெல்லத் தலைதூக்கியது. பிறகு கூழாகிவிட்டது. மறுபடி தலைதூக்கியது. மறுபடி கூழ். கூழான ஒவ்வொரு தடவையும் பெருங்காந்தம் உள்ளே வந்து, "வந்துச்சா?" என்று குனிந்துகொண்டிருந்தார். அவர் பெல்ட்டின் கொக்கி உள்ளங்கை அகல எஃகு.

அக்கா கொக்கியைப் பார்த்தார். மரியாதைக்காக மேலே எதுவும் சொல்லவில்லை. அண்ணி ஜன்னலைப் பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"முதல்லேருந்து ஆரம்பிக்கறேன் அண்ணி. கடைசித் தடவை, இதுக்கு மேல துளி தாங்காது."

பெருங்காந்தம் அண்ணியின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு வெளியே போனார்.

இம்முறை கோடு கலையவில்லை. ஒரு முனை எழுந்தது, பக்கத்தில் இன்னொன்று. கண்ணுக்கே தெரியாத ஒரு துளி, ஒரு காலி இருக்கையிடம் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. தன் மூலக்கூறென்றால் இப்படித்தான் எழ வேண்டும் என்று அண்ணி தாளில் வரைந்து வைத்திருந்த நான்கு முனைகளில் மூன்று வந்துவிட்டன.

வாசல் தட்டில் ஏதோ மெதுவாக இறங்கும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். பெருங்காந்தம் ஒரு கையால் பேண்ட்டை இறுக்கிப் பிடித்தபடி, பூனை மாதிரி அடியெடுத்து வைத்து உள்ளே வந்து, எங்கள் பின்னால் நின்றார். எதுவும் கேட்கவில்லை.

நான்காவது முனை எழுந்துகொண்டிருந்தது.