உள்ளே போகாத பிஸ்டன்

கணவர் சௌந்தரராஜன், நெரித்து அழுத்துகிற சி கிளாம்பைக் கையில் எடுத்ததுமே மணிமேகலை நிமிர்ந்து பார்த்தாள். பாகலூர் ரோட்டில் இருக்கும் அவர்களுடைய ஒர்க்‌ஷாப்பில், பின்சக்கரத்துப் பிரேக் காலிப்பருக்கு எவனாவது அதை எடுத்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிற மனுஷன் அவர். பிரேக் பேடைத் தள்ளுகிற பிஸ்டன், முன்சக்கரத்தில் என்றால் அழுத்தினாலே உள்ளே போய்விடும். பின்சக்கரத்தில் ஹேண்ட் பிரேக்கும் அதற்குள்ளேயே இருப்பதால் திருகிக்கொண்டே அழுத்த வேண்டும்; வெறுமே நெரித்தால் உள்மரை நாசம். கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிற அவளுக்கே இது தெரியும்.

வண்டி மகள் வினிதாவுடைய கார். போன வருஷம், 2008-இல், பெங்களூரிலிருந்து காய்ச்சலோடு தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். மறுநாள் ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. அன்றிலிருந்து வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து மணிமேகலைக்குச் சோறு இறங்கவில்லை. விற்றே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். அவர் சரி என்று தலையாட்டினார், அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அந்தக் கல்நெஞ்சை நினைத்து அவள் மனசுக்குள் ஏசாத நாளில்லை.

சாயங்காலம், விலை பேசி முடித்த சாமல்பட்டி அன்புமணி வண்டியை எடுத்துப்போக வருகிறான். துருவேறி இறுகிப்போன பின்பிரேக்கில் பிஸ்டனை உள்ளே தள்ளிப் புது பேட் மாட்டினால்தான் சக்கரம் உருளும்.

"அது வேணாங்க. சுத்துற டூல எடுங்க."

அவர் கிளாம்பை வைத்துவிட்டு, ஆறு பக்கமும் முனை வைத்த இரும்புக் கட்டையை எடுத்தார். பிஸ்டனின் பள்ளத்தில் அது உட்காராமல் வழுக்கியது. அடுத்து, திருகுகிற டூல் செட்டைத் திறந்து, அதிலிருந்த வட்ட இரும்புப் பில்லைகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. கைப்பிடியைத் திருகினார். பிஸ்டன் அசையவில்லை. உடனே அதைக் கழற்றிப் பொருந்தாத இன்னொன்றை மாட்டினார்.

"கரெக்டா இருந்தத ஏன் கழட்டுறீங்க?"

"இந்த செட்டு ஆவாது. பெங்களூர் போயி வேற வாங்கியாரணும். அன்புமணிய அடுத்த வாரம் வரச் சொல்லு."

அவருக்குப் பொய் சொல்ல வராது. மணிமேகலை கண்ணாடி வழியே வண்டிக்குள் பார்த்தாள். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே இருந்தது. அதை இறக்காமல் எந்த டூலை வைத்தாலும் பிஸ்டன் உள்ளே போகாது. வேலைக்குச் சேர்கிற எவனுக்கும் அவர் முதல் நாளே சொல்வது இதைத்தான்.

"ஏங்க, ஹேண்ட் பிரேக்கு..."

"தெரியும்டி." அவர் நிமிரவில்லை. "பாப்பா கடைசியா இழுத்துவுட்டுது. என் கையால எப்பிடிடி எறக்குவேன்?"

இந்த மனுஷனைப் போயா இத்தனை நாள் ஏசினோம் என்று நினைத்தாள். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கதவைத் திறந்து மகளுடைய சீட்டில் உட்கார்ந்தாள். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

"எறங்க மாட்டேங்குதுங்க."

பின்னால் அவர் டூலைக் கீழே வைத்தார்.

"மொதல்ல கொஞ்சம் மேல இழுக்கணும். அப்பறமா பட்டன அமுக்கிக்கிட்டே எறக்கு."

மகள் விட்ட இடத்திலிருந்து டக்கென்று ஒரு பல் அளவு மேலே இழுத்தாள். பட்டனை அமுக்கினாள். இறக்கினாள்.

பின்னால் அவர் சரியான பில்லையை மாட்டித் திருகுகிற சத்தம் கேட்டது.

"உள்ள போவுதுங்களா?"

"போவுது." அவர் இன்னொரு சுற்றுத் திருகினார். "லேசாப் போவுது மேகல... எவ்ளோ லேசாப் போவுது பாரு."

அவர் வாய்விட்டு அழுதார். எழுந்து அவரிடம் போகத்தான் நினைத்தாள். ஹேண்ட் பிரேக்கிலிருந்து கையை எடுக்க அவளால் முடியவில்லை.