நூற்றெண்பத்தைந்தா, இருநூற்றிருபத்தைந்தா

பட்டறைக்குள் வந்த பத்து நிமிடத்தில் அவன் காரை நான்கு முறை சுற்றிவிட்டான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தது. ஞாயிற்றுக்கிழமை அதை ரேஸ் ட்ராக்கில் ஓட்ட வேண்டும். புதிதாக வாங்கிய எட்டு அங்குல அகல வீல்கள் சுவரோரம் பெட்டியோடு கிடந்தன. அவற்றில் இருநூற்றிருபத்தைந்து மில்லிமீட்டர் அகல டயரை ஏற்றினால் மட்கார்டில் இடிக்கும். விளிம்பை வெட்டியாக வேண்டும். வெட்டினால் வெட்டியதுதான், வேறு மட்கார்டு எங்கே தேடினாலும் கிடைக்காது.

"வெட்டிடுங்கக்கா."

பட்டறைக்காரிக்கு மில்லி அக்கா என்று பேர். கல்யாணத்துக்குப் பார்த்த மாப்பிள்ளையின் உயரத்தையே மில்லிமீட்டரில் சொன்னவள் என்று ஒரு பேச்சு உண்டு. கையிலிருந்த கட்டரைக் கீழே வைத்தாள்.

"இப்ப இருக்கிற நூத்தி எண்பத்தஞ்சுக்கு என்ன கேடு?"

"பிடிமானம் இல்ல. வழுக்குது."

"இருநூத்தி இருபத்தஞ்சு போட்டா பிடிச்சுக்குமாக்கும்? வண்டியே தொள்ளாயிரம் கிலோ. அகல டயர் சூடாகணும்னா மேல கனம் வேணும். சூடாகாத டயரும் சோப்புக்கட்டியும் ஒண்ணு."

"அப்ப நடுவுல ஒண்ணு போடுங்க. இருநூத்தஞ்சு."

"கத்தரிக்கா பேரமா மாமா பேசறீங்க?" என்று சிரித்தான் மச்சினன், மனைவியின் தம்பி. "எட்டு மாசத்துல பிரேக் பேட், சைலன்சர், ஸ்டீயரிங், கண்ணாடி எல்லாம் மாத்தியாச்சு. மாத்தாம விட்டது என்னை மட்டும்தான்."

"உனக்கு ஸ்பேர் கிடைக்கலடா."

சொன்னானே தவிர, சிரிக்கவில்லை.

காய்ச்சல் என்று படுத்த மனைவி ஆறு நாளில் போய்விட்டாள். எட்டு மாதமாகிறது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்திலும் அப்படித்தான். ட்ராக்கில் ஓட்டுகிற இருபது நிமிடம் மட்டும் மனசு வாயை மூடிக்கொண்டிருக்கும். இப்போது அங்கேயும் கார் கையை விட்டு நழுவியது. அதுவும் போனால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"எந்தப் பக்கம் திரும்பும்போது வழுக்குது?"

"இடது பக்கம்."

"வலது பக்கம்?"

யோசித்தான். "அது நல்லாத்தான் வருது."

"டயர் குறைன்னா ரெண்டு பக்கமும்ல வழுக்கணும்? ஓரவஞ்சனை பண்ற அளவுக்கு டயருக்குப் புத்தி கிடையாது. கடைசியா எப்ப கனம் பார்த்தோம்?"

போன வருடம், இதே இடத்தில். நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு தராசு வைத்து, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு கனம் விழுகிறது என்று பார்த்து, ஸ்பிரிங்குக்கு அடியிலுள்ள ரிங்கைத் திருகிச் சரிசெய்வார்கள். வழக்கமாக ஓட்டுகிறவர் மட்டும்தான் உள்ளே உட்காருவார்.

"அன்னிக்கு உள்ள எத்தனை பேரு?" என்றாள் மில்லி அக்கா.

மச்சினனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "எப்பவும் நானும்தான் கூட உக்கார்றேன், என்னை விட்டுட்டு எப்படி அளப்பீங்கன்னு எங்கக்கா ஏறிட்டா. தன் கனம் தெரியக் கூடாதுன்னு என்னைச் சுவரைப் பார்த்து நிக்க வெச்சா." சிரிக்கப் போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"ரெண்டு பேரு," என்றான் அவன்.

"ரெண்டு பேருக்குச் சரி பண்ணின வண்டி," என்றாள் மில்லி அக்கா மெதுவாக. "எட்டு மாசமா இடது சீட் காலி. இடது பக்கம் திரும்பினா அந்தப் பக்கச் சக்கரத்தை அழுத்தக் கனம் இல்ல. டயர் மேல குத்தமில்ல."

"பரவால்ல, வெட்டிடுங்க."

"வெட்டறேன். அப்பவும் வழுக்கும்."

"நான் வேணா கூட வர்றேன் மாமா," என்றான் மச்சினன்.

"இந்த ஞாயித்துக்கிழமை வருவே. அடுத்த தடவை?" என்றாள் மில்லி அக்கா.

அவன் வாசல் வரை போனான். தெருவில் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது. அது போகும்வரை நின்றான். திரும்பி வந்து மட்கார்டின் உள்விளிம்பை விரலால் தடவினான்.

"ஒரு ஆளுக்கு மாத்த எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி."

"சரி, மாத்திடுங்க. நூத்தி எண்பத்தஞ்சே இருக்கட்டும்."

காரைத் தராசுகளின் மேல் ஏற்றினார்கள். இடது சீட்டில் கிடந்த தன் பையை மச்சினன் எடுத்துக்கொண்டான். அவன் வலது பக்கம் ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

"ஆடாதீங்க," என்றாள் மில்லி அக்கா. "எண் நிக்க மாட்டேங்குது."

காலை நிறுத்தினான்.

"விரலையும்தான்."

ஸ்டீயரிங்கில் தாளம் போட்ட விரல்களை மடக்கினான். "மூச்சாவது விடலாமா?"

"விடுங்க. ஆனா சாயறீங்களே."

"எங்க சாயறேன்?"

"இடது பக்கமா."

அவன் குனிந்து பார்த்தான். தோள் பக்கத்து சீட்டைத் தொடாத குறையாக இருந்தது. நிமிர்ந்தான். இடது சக்கரத்தின் எண் இரண்டு கிலோ இறங்கியது.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் மில்லி அக்கா.