கட்டார் மச்சானின் பாட்டு

கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் புறப்படும் நேரம், ஹிமாயா கொண்டக்டர் ஜீவராஜிடம் ஒரு சீடியை நீட்டினாள்.

"கட்டாரில இரிக்கிற மச்சான் செஞ்ச பாட்டு. ஒருக்காப் போடுங்களன்."

பச்சைப் பொய். கட்டாரில் அவளுக்கு மச்சானே கிடையாது. டைப் அடிக்கும் கடையில் வேலை பார்க்கும் ஹிமாயா, மத்தியானச் சோற்று நேரங்களில் கடைக் கொம்பியூட்டரில் தானே வெட்டி ஒட்டிச் செய்த பாட்டு அது. சாய்ந்தமருது சுனாமி வீட்டுத்திட்டத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் நெல் மில்லின் சத்தத்தைப் போனில் பிடித்துத் தாளமாக்கி, இடையில் உம்மாவின் தையல் மெஷினையும் ஓடவிட்டிருந்தாள். கடல் சத்தத்தை மட்டும் சேர்க்கவில்லை. இந்தக் கரையில் அதைப் பாட்டென்று கேட்க, சுனாமி கழிந்த ஆறு வருஷம் போதாது. பாடகர் ஜீவராஜேதான். அவன் ஊர்ப்பெயர் கூவுவதைக் களவாகப் பதிந்து, துண்டு துண்டாக்கி, குரலைத் தடிக்க வைத்திருந்தாள்.

செய்தவள் யாரென்று தெரிந்தால் சனம் முகத்துக்காகப் புகழும். அதனால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நடு ஆசனத்தில் காதைத் தீட்டியபடி உட்கார்ந்தாள்.

ஜீவராஜ் சீடியைப் போட்டான். சாய்ந்தமருது தாண்டவில்லை, சாரதி புண்ணியமூர்த்தி பஸ்ஸை ஓரங்கட்டினார்.

"எஞ்சின் தட்டுது."

இறங்கி மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். அவருக்குக் கேட்கட்டுமென்று ஜீவராஜ் பாட்டை நிறுத்தினான். தட்டலும் நின்றது.

"அண்ணன், தட்டுறது அங்க இல்ல, இஞ்ச!" என்று ஸ்பீக்கரைக் காட்டினான். பஸ் முழுக்கச் சிரித்தது.

"இதையும் பாட்டெண்டு செய்திருக்கான்!" சாரதி முணுமுணுத்துக்கொண்டு ஏறினார்.

"எனக்கு நெஞ்சு பதறுது," என்றாள் மரக்கறிக் கூடையோடு இருந்த காரைதீவுச் செல்லத்தங்கம். "ஆனா கால் சும்மா இரிக்குதில்ல. போடு மனே."

பாட்டு மறுபடி ஏறியது. முன்பென்றால் காரைதீவுச் சந்திச் சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நிற்கவேண்டும். சண்டை முடிந்து ஒரு வருஷம். இப்போது பஸ்ஸும் பாட்டும் நிற்காமல் போயின. செல்லத்தங்கம்கூட இறங்க மறந்துபோனாள்.

"தாளம் பறவாயில்ல அக்கா," என்றான் ஜீவராஜ் அவளிடம். "பாடுறவன்தான் சரியில்ல. வாய் நிறைய வெத்தில போல."

ஹிமாயா முக்காட்டைக் கடித்துக்கொண்டாள்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அப்துல் கபூர் அப்போதுதான் வாய் திறந்தார். மில்லில் மெஷின் ஓட்டி ஓய்ந்தவர்.

"கட்டாராம் கட்டார்! இது எங்கட சாய்ந்தமருது மில்லு. இருவத்திரெண்டு வருஷம் ஓட்டின எனக்குத் தெரியாதா? ஆனா மூணாவது தட்டு பிந்துது. நான் ஓட்டக்குள்ள ஒருநாளும் பிந்தல்ல. என்னமோ பழுது."

இது பாட்டே இல்லை என்று அவர் சொல்லியிருந்தாலும் ஹிமாயா பொறுத்திருப்பாள். பழுது என்றதைப் பொறுக்க முடியவில்லை.

"பழுதில்ல மாமா! அத வேணுமெண்டு பிந்த வெச்ச நான்தான்!"

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பின.

"அப்ப மச்சான்?" என்றான் ஜீவராஜ்.

"அப்பிடி ஒராளும் இல்ல."

"அப்ப பாடினது ஆரு?"

"நீங்கதான்," என்றாள் தரையைப் பார்த்தபடி.

"வெத்திலையத் துப்பிப்போட்டுப் பாடியிருக்கலாமே மனே!" செல்லத்தங்கம் சிரித்த சிரிப்பில் கத்தரிக்காய் இரண்டு கூடையிலிருந்து உருண்டன.

அப்துல் கபூர் சிரிக்கவில்லை. மறுபடி போடச் சொன்னார். முன் ஆசனக் கம்பியில் விரலால் தட்டினார். ஒன்று, இரண்டு. மூன்றாவதுக்கு விரலைத் தூக்கிக் காத்திருந்து, பிந்தியே தட்டினார்.

"எனக்குப் புடிக்கல்ல புள்ள," என்றார். "இன்னொருக்காப் போடச் சொல்லு."

நிந்தவூரில் ஏறிய ஒருவர், இதென்ன சத்தம் என்று முகத்தைச் சுளித்தார். ஜீவராஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"சத்தமா? மூணாவது தட்டு பிந்தித்தான் வரும். விளங்காட்டிப் பேசாம இரிந்து கேளுங்க. பாடுறது நான்!"