ஆர்லின் ஒட்டிய சீட்டுகள்

செத்து மூன்று மாதமாகியும் ஆர்லின் உச்சுக் கொட்டுவதை நிறுத்தவில்லை. அரிசோனா பாலைவனத்தில் நின்றிருந்த அந்த நாற்பதடி டீசல் வண்டிவீட்டின் அடிவயிற்றிலிருந்து தினமும் விடியலில் அந்தச் சத்தம் வரும். "ட்ச்." காபி தண்ணியாக இருந்தால் அவன் போடும் அதே சத்தம்.

பேட்டரி தளர்ந்தால் ரிலே என்ற மின்சுவிட்ச் அப்படித் தட்டும் என்பது அவன் மனைவி லவோனுக்குத் தெரியும். தெரிந்தும் பின்கழுத்து சில்லிட்டது.

மதியம் மகன் கெவின் வருகிறான். போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "நான் வரும்போது இன்ஜின் ஓடணும்மா. இல்லேன்னா வண்டியை வித்துட்டு ஃபார்கோவுக்கு, என் வீட்டுக்கு வந்துடு. கீழ்த்தளத்துல உனக்கு ரூம் இருக்கு." ஜன்னல் இல்லாத ரூம்.

பக்கத்து வண்டி டுவெய்ன் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார். வண்டிவாசிகள் சங்கத் தலைவர். தொப்பியிலேயே அப்படி எழுதியிருக்கும். "கோல்ஃப் வண்டிக்குப் போடுற பேட்டரி வாங்கியிருக்கலாமே, அம்மணி. நாள் முழுக்க நின்னு உழைக்கும்."

"எனக்கு நாள் முழுக்க வேணாம், டுவெய்ன். இன்ஜினைப் புரட்ட அஞ்சு செகண்ட் முரட்டு அடி போதும்."

அதற்கென்றே, ஒரே வகை, ஒரே மாதத்து முத்திரை, இரண்டு பேட்டரி வாங்கி வைத்திருந்தாள். வண்டியின் பேட்டரிப் பெட்டிக் கதவைத் திறந்தாள். உள்ளே எங்கும் ஆர்லினின் கையெழுத்தில் சீட்டுகள். 'தொடாதே.' 'லவோன், இதையும் தொடாதே.' நீல மசி நேற்று எழுதியது போலப் பளபளத்தது. யாரோ தோளுக்குப் பின்னால் நின்று வாசிப்பது மாதிரி இருந்தது.

அப்போதுதான் பார்த்தாள். இன்ஜினுக்குப் போகும் தடித்த கம்பிகள் இரண்டும் பழைய பேட்டரி இரண்டில் முதலாவதிலேயே மாட்டியிருந்தன. இரண்டாவது அதோடு சன்னக் கம்பியில் ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தது. முதலாவது உழைத்து உழைத்து வயிறு வீங்கிச் செத்திருந்தது. இரண்டாவது புது மாப்பிள்ளை போல மினுங்கியது. இப்படியொரு குடும்பத்தை அவள் இருபத்தாறு வருஷமாகப் பார்த்திருக்கிறாள்.

"அதை மாத்தாதீங்க," என்றார் டுவெய்ன். "ஆர்லினோட வயரிங். அவர் ஆத்மா..."

"ஆத்மா தினம் வந்து பேசிட்டுத்தான் போகுது. இன்னிக்கு என் முறை."

புதுசு இரண்டையும் தடித்த கம்பிகளால் பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என இணைத்தாள். இன்ஜினின் பிளஸ்ஸை முதலாவதிலும், மைனஸை இரண்டாவதிலும் முடுக்கினாள். இனி சுமை சரிபாதி. சீட்டுகளைக் கிழிக்கக் கை வரவில்லை.

டிரைவர் இருக்கையில் ஆர்லினின் உருவம் குழியாகப் பதிந்திருந்தது. அவன் மடியில் உட்காருவது போல அதில் இறங்கிச் சாவியைத் திருப்பினாள்.

"ட்ச்."

பழக்கதோஷம், விரல்கள் தானாகத் தளர்ந்தன. பல்லைக் கடித்துப் பிடித்தாள். இன்ஜின் ஒருமுறை முனகி, வெள்ளைப் புகை கக்கி, உறுமியது. டுவெய்ன் நாற்காலியோடு புகைக்குள் காணாமல் போனார்.

பக்கத்து இருக்கை, இத்தனை வருஷம் அவள் உட்கார்ந்த இருக்கை, யாரோ அமர்ந்தது போல மெல்லக் கிறீச்சிட்டது. லவோன் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெல்ட்டைப் போட்டுக்கோ. வாயைத் திறக்காதே," என்றாள்.

மதியம் கெவின் வந்து வண்டிக்கு முன்னால் காரை நிறுத்தினான். உறுமலைக் கேட்டுத் திகைத்து நின்றான். "யாரும்மா சரி பண்ணது?"

"காரை நகர்த்துடா. நான் யூமா ஊருக்குப் போறேன்."