பக்கத்து மனைக்குப் போனவை

லிஃப்ட்காரர் வீட்டில் மாலைக் காப்பியை நிறுத்திய மறுநாளிலிருந்து பக்கத்துக் காலி மனையில் காப்பி வாசனை வர ஆரம்பித்தது. அந்த மனையில் அடுப்பு கிடையாது, ஆளும் கிடையாது. முழங்கால் உயரத்துக்குப் புல்லும், யாரோ கொட்டிவிட்டு மறந்துபோன அரை லோடு ஜல்லியும்தான் கிடந்தன. ஆனாலும் மாலை ஐந்து மணி வாக்கில், திக்கான பாலில் போட்ட காப்பியின் மணம் சுற்றுச்சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. தெருக்காரர்கள் இரண்டு மூன்று நாள் அதைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் குழாயில் தண்ணீர் வராமல் போகவே, பேச்சு தண்ணீர் பக்கம் திரும்பிவிட்டது.

லிஃப்ட்காரர் என்பது தெரு வைத்த பெயர். உயரமான கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. வடத்துக்கு கிரீஸ் போடுவார், மூட மறுக்கும் கதவுகளைச் சரிசெய்வார், இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களைப் பேச்சுக் கொடுத்தபடியே வெளியே எடுப்பார். வாடகை வீடுகளில் வளர்ந்தவர். சின்ன வயதில் ஒரு வீட்டுக்காரன் இவர்கள் சாமான்களை மழையில் தெருவில் எடுத்து வைத்ததையும், அம்மா தலையணைகளை மட்டும் மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் அவர் மறக்கவே இல்லை. அதனால்தான் கல்யாணமாகி மகள் பிறந்த கையோடு, இருபது வருஷத் தவணையில் பேங்க் கடன் வாங்கி, தெருக் கோடியில் இரண்டு அறை வீட்டை வாங்கினார். பேங்க் அதிகாரி காகிதத்தைத் திருப்பி, கடைசியில் மொத்தம் எவ்வளவு வட்டி கட்டியிருப்பார் என்று காட்டினார். அதைப் பார்த்தபோது வாங்குகிற வீட்டுக்கு ஒரு விலை, வாங்காத இன்னொரு வீட்டுக்கும் ஒரு விலை கட்டுகிற மாதிரி இருந்தது. கடன் தீராத வீடு வீடே இல்லை, பேங்க்காரன் நம்மை நம்பித் தங்கவிட்டிருக்கிற லாட்ஜ் என்று அன்று மாலை மனைவியிடம் சொன்னார். எப்படியாவது சீக்கிரம் அடைத்துவிட வேண்டும் என்றார். அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். சூட்டுக்குப் பழகிய கையைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். முதலில் சாயங்காலக் காப்பியை நிறுத்திப் பார்க்கலாமே என்று சொன்னதே அவள்தான். பின்னாளில் அவர் பழியை முழுக்கத் தன் தலையில் போட்டுக்கொள்ளும்போதெல்லாம், அதை அவள் மறக்காமல் எடுத்துச் சொல்வாள்.

அடுத்து அவர் சிகரெட்டை விட்டார். அதே வாரம், அதே பிராண்டின் புகை மனையில் வந்து சேர்ந்தது. பேப்பரை நிறுத்தினார்கள். காலையில் புல்லுக்குள்ளிருந்து பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. முன்னறை விளக்கை எரிப்பதில்லை, சமையலறை வெளிச்சமே போதும் என்று முடிவு செய்தார்கள். மனையின் நடுவே, விளக்கும் கம்பமும் இல்லாமல், ஒரு முன்னறை அளவுக்கு மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிடுவதை விட்டார்கள். ஞாயிறு மாலைகளில் மனையிலிருந்து ஒரு குழந்தை, இன்னொரு கப், இன்னொரு கப் என்று நச்சரிக்கும் குரல் வந்தது. அந்தக் குரல் வரும்போது மகள் உள்ளே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். இந்த வீட்டில் நிறுத்திய எதுவும் நின்றுபோகவில்லை, பக்கத்து மனைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான் என்பது அவர்களுக்கு மெல்லத் தெரிந்தது. அவர் அதில் தப்பு ஒன்றும் காணவில்லை. யாரும் கொண்டுபோகவில்லையே, பக்கத்திலேயேதானே இருக்கிறது, கடன் தீர்ந்ததும் கூப்பிட்டுக்கொண்டால் போகிறது என்று நினைத்தார்.

மகளுடைய வயலின் வகுப்பை நிறுத்தியது அவளுடைய ஒன்பதாவது வயதில். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் மனம் மாறியிருக்கக்கூடும். பெட்டியை மூடிப் பரணில் வைத்தாள். சில மாதம் கழித்து அதையும் விற்று அசலில் கட்டினார்கள். வகுப்பு இருந்திருக்க வேண்டிய செவ்வாய்க்கிழமை, மனையில் வயலின் கேட்டது. அவள் கடைசியாகக் கற்றுக்கொண்ட அதே பாடம், அவள் தடுக்கி விழுகிற அதே இடத்தில் தடுக்கி விழுந்தது. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். இரண்டு மாதத்தில் அந்தத் தடுக்கல் சரியானது. அடுத்த வருஷம் விரல்கள் ஓட ஆரம்பித்தன. அவளுக்குப் பதினாலு வயதானபோது, வேலைவிட்டு வருகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அந்த மனைக்கு எதிரே நிற்பது வழக்கமாகியிருந்தது. ஒரு நாள் வயலின் டீச்சரே வந்து நின்றாள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற தாயிடம், உங்கள் பெண் இவ்வளவு தூரம் வருவாள் என்று நானே நினைக்கவில்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தபோது, அந்தப் பெண் காய்கறிப் பையோடு அம்மாவுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தாள். டீச்சர் அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாக வரவே இல்லை.

அவருடைய சிரிப்பு எப்போது போனது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. முன்பெல்லாம் வேலைவிட்டு வந்ததும் அன்றைக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதையைச் சொல்லுவார். பேசிக்கொள்ளாத இரண்டு மைத்துனர்கள் ஒரே லிஃப்டில் சிக்கி, வெளியே வரும்போது சம்பந்தம் பேசி முடித்திருந்த கதையை மகள் நூறு தடவை கேட்டிருப்பாள். ஓவர்டைம் எடுக்க ஆரம்பித்த பிறகு, வந்து சாப்பிட்டுப் படுக்கத்தான் நேரம் இருந்தது. கதைகள் மனைக்குப் போயின. மனைவி கொடியில் துணி காயப்போடும்போது சுவருக்கு அப்பாலிருந்து அவர் குரல் வரும், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஒரு விடுமுறை நாளில் அவருக்கே தோன்றி, சாப்பாட்டுக்கு நடுவே ஒரு கதையை ஆரம்பித்தார். ஒரு பல் டாக்டர், தான் பல் பிடுங்கிவிட்ட ஆளோடு லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை. பாதி சொல்லியிருப்பார், மனைவி இரக்கத்தோடு அவர் தட்டில் சாதம் வைத்தாள்.

"அதை நேத்தே அங்க சொல்லிட்டீங்க."

மகள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே சொன்னபோது இன்னும் நன்றாக இருந்தது என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

மனைவிக்கு ஒரே அக்கா. ஒரு பகல், ஒரு இரவு ரயிலில் போக வேண்டிய தூரத்தில், புருஷனை இழந்து தனியாக இருந்தாள். மனைவியை வளர்த்ததே அக்காதான். கடன் தொடங்கிய பிறகு போக்குவரத்து குறைந்து, போனோடு நின்றது, அப்புறம் போனும் குறைந்தது. ஒரு முறை அக்காவே கூப்பிட்டாள். உடம்பு சரியில்லை, பெரிதாக ஒன்றும் இல்லை, உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்றாள். அக்கா அப்படிக் கேட்கிறவள் இல்லை. கடன் அப்போது கடைசி வளைவில் இருந்தது, இன்னும் நாலு பெரிய தவணை கட்டினால் தீர்ந்துவிடும். மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தால் ஒரு தவணை போய்விடும் என்று அவர் கணக்குப் பார்த்தார். நான் மட்டும் போய்ட்டு வரட்டுமா என்று அவள் கேட்டாள். கோடை லீவு வரட்டும், கடனும் முடிந்துவிடும், எல்லாருமாகப் போய் பத்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்று அவர் சொன்னார். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். கோடைக்கு முன்னமே அக்கா போய்விட்டாள். அவசர டிக்கெட் இரண்டு மடங்கு விலை. மூன்று பேருக்கும் எடுத்தார்கள்.

காரியங்கள் முடிந்து திரும்பி வந்த அன்று மாலை, வீட்டுப் பூட்டைத் திறப்பதற்கு முன்பே மனையில் அக்காவின் குரல் கேட்டது. என்னடி இப்படி இளைச்சுட்டே, இஸ்திரிப் பெட்டி உன்னைத் தேய்க்குதா என்று கேட்டுக்கொண்டிருந்தது. மனைவியின் குரலே அங்கிருந்து அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. போகாமல் விட்ட பயணம் அங்கே வந்து சேர்ந்திருந்தது. மனைவி கையிலிருந்த பையை வாசலில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வா என்று கூப்பிடும் தைரியம் அவருக்கு வரவில்லை.

அந்தக் கோடையில் கடன் தீர்ந்தது. இருபது வருஷக் கடன், பதினைந்தாவது வருஷமே தீர்ந்தது. பேங்கில் அவரை உட்காரவைத்து, பத்திரத்தைக் கையில் கொடுத்து, நாலு பேரை எழுந்து கை தட்டச் சொன்னார்கள். அவர் நேராகக் கடைக்குப் போய் காப்பித்தூள், ஒரு பல்பு, ஒரு புது வயலின் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் திரும்பக் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தார். பல்பு எரிந்தது, ஆனால் மனையில் விழுந்துகொண்டிருந்த வெளிச்சம் அங்கேயே இருந்தது. வீட்டுக் காப்பி சூடாக இருந்தது. வாசனை மட்டும் ஜன்னல் வழியாக, அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மகள் வயலினை மரியாதையோடு வாங்கிக்கொண்டாள். ஒரு நாள் முழுக்கத் தன் கட்டிலில் வைத்திருந்துவிட்டு, அடுத்த நாள் அவர் எதிரே வந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று அவர் தேடினார். இல்லை.

"அவ ரொம்ப முன்னாடி போயிட்டாப்பா. என்னால இனிமே போய்ப் பிடிக்க முடியாது. கடைல திருப்பிக் குடுத்துடலாம், ரசீது இருக்குல்ல?"

ரசீதைப் பத்திரப்படுத்தும் பழக்கத்தை அவர்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

அன்றைக்கு அவர் முதல் முறையாகச் சுவரேறி மனைக்குள் இறங்கினார். புல் விலகியது. காப்பி மணமும் சிகரெட் புகையும் வெளிச்சமும் அவரைச் சுற்றி இருந்தன, யாரோ யாரையோ செல்லமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் குரல் எதையோ சொல்லி முடிக்க, இரண்டு பெண்கள் சேர்ந்து சிரித்தார்கள். நான்தான், என்று அவர் சொன்னார். எல்லாச் சத்தமும் நின்றது. தெரியாத ஆள் கதவைத் திறந்து உள்ளே நுழைந்துவிட்டால் ஒரு குடும்பம் எப்படிப் பேச்சை நிறுத்தி ஏறிட்டுப் பார்க்குமோ, அப்படி நின்றது. அவர், மன்னிச்சுக்குங்க, என்று சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் அங்கே பேச்சு தொடர்ந்தது.

மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். அவருக்கு முடி நரைத்தது. மனையின் சொந்தக்காரர் ஒருநாள் புரோக்கரோடு வந்து நாலு மூலையிலும் நின்று அளந்தார். அஞ்சு மாடி வரப்போகிறது, லிஃப்ட் வைத்து, என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னார், லிஃப்ட்காரருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து. லிஃப்ட் என்றால் முதலில் குழி தோண்டுவார்கள், அதுவும் நடுவில்தான் தோண்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த வாரமே, மனையைத் தானே வாங்கிவிடக் கடன் கேட்டு, வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனார். புது மேனேஜர் பழைய கணக்கைப் பார்த்துவிட்டு, உங்களை மாதிரி ஆட்கள்தான் எங்களுக்கு வேண்டும், இதையும் சீக்கிரமே முடித்துவிடுவீர்கள் என்றார். இல்லை சார், கடைசி மாசம் வரைக்கும் கட்டறேன், ஒரு மாசம்கூட முன்னாடி முடிக்க மாட்டேன் என்று அவர் சொன்னது மேனேஜருக்குப் புரியவில்லை. வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டது ஒன்றுதான்.

"இதுக்கு எதை நிறுத்தப் போறீங்க?"

எதையும் இல்லை என்றார். அவள் நம்பவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டாள். பதிவு அலுவலகத்தில், காலி மனை என்று எழுதலாமா என்று எழுத்தர் கேட்டார். அவர் வேண்டாம் என்றார். எழுத்தர் அந்தத் தெரு வழியாக வேலைக்கு வருகிறவர். பேனாவைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்திருந்துவிட்டு, குடியிருப்போருடன் என்று எழுதினார். மறு வருஷம் நகராட்சியிலிருந்து வந்தவர் மனையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வீட்டு வரி போட்டார். லிஃப்ட்காரர் மறுபேச்சுப் பேசாமல் கட்டினார்.

சுவரில் ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி விட்டிருக்கிறார்கள். மனைவி வேலையிலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறாள். முன்பெல்லாம் அங்கே அக்காவின் குரலுக்கு அவளுடைய குரல் தனியாகப் பதில் சொல்லும். இப்போது அவள் போய் உட்கார்ந்ததும் அந்தக் குரல் அவள் வாய்க்குள் வந்து அடங்கிவிடுகிறது, அவளே பேசுகிறாள். லிஃப்ட்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். அவள் போயிருக்கும்போது அரிசி களைந்து வைக்கிறார், துணி மடிக்கிறார். அந்த வழியைத் தாண்டிப் போவதில்லை. போன வாரம் அவள் திரும்பி வந்து, செருப்பில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டே, அக்கா உங்களைக் கேட்டாங்க என்றாள்.

அவர் மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துவிட்டு, என்ன சொன்ன என்று கேட்டார்.

"வேலைக்குப் போயிருக்கார்னு சொன்னேன்."

அவர் தலையாட்டினார். அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று அவருக்கும் பட்டது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மிச்சத் துணியில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.