துணைக்கு வந்தவர்

பிரசவ ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். தாமதமாக வருகிற நோயாளியை லேசில் விடமாட்டார். அன்று காலை மாட்டியவர் ஒரு தையல்காரம்மா. மாதவிடாய் நின்று ஆறு வருடம் கழித்து உதிரம் பட ஆரம்பித்து, அதற்குள் ஐந்து மாதம் ஓடியிருந்தது.

"நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் உடனே வரணும். முக்கால்வாசி வெறும் வறட்சியாத்தான் இருக்கும். ஆனா பத்துல ஒண்ணு புத்துநோயா இருந்துடும். பாக்காம எப்படித் தெரியும்?"

"போன மாசம் வந்தேம்மா. சதை எடுத்துப் பாக்கணும், துணைக்கு ஆள் கூட்டிட்டு வான்னு அனுப்பிட்டாங்க. எனக்குன்னு யாரும் இல்ல. தேடித்தான் பாத்தேன்."

துணையில்லாமல் வருபவருக்கு மயக்க ஊசி போடக் கூடாது என்று சட்டம் போட்டதே டாக்டரம்மாதான். என்றோ ஒருத்தி தனியாக வீட்டுக்குப் போய்ப் படியில் விழுந்துவிட்டாள் என்பதற்காகத் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். அதை நிமிர்ந்து பார்க்காமல், இன்றே சதை எடுக்கும்படி சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

டாக்டரம்மாவுக்கும் மூன்று மாதமாக உதிரம் பட்டுக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது. வறட்சி என்று தானே முடிவுகட்டி, தானே ஒரு களிம்பும் எழுதிக்கொண்டார். வேறு எந்த டாக்டராவது இப்படி வைத்தியம் பார்த்திருந்தால் தோலை உரித்திருப்பார். பயம்தான் காரணம், வேறென்ன.

மதியம் வரிசை கலைந்ததும் ஸ்கேன் அறைக்குப் போய்ப் படுத்தார். சின்ன டாக்டர் வழக்கம்போல் பேசிக்கொண்டே பார்த்தாள். பாதியில் பேச்சை நிறுத்தினாள். திரையை டாக்டரம்மாவே படித்துக்கொண்டார். கருப்பையின் உட்சுவர் பன்னிரண்டு மில்லிமீட்டர். இந்த வயதில் நாலைத் தாண்டக் கூடாது.

"இன்னைக்கே சதை எடுத்துடலாம் மேடம்," என்றாள் சின்னவள். "ஃபாரத்துல... கூட யாருன்னு போடணும்."

"தெரியும். வெளிய இரு, கூப்பிடறேன்."

கைபேசியை மேலிருந்து கீழ்வரை உருட்டினார். நோயாளிகள், மருந்துக் கம்பெனிக்காரர்கள், குழாய் ரிப்பேர்காரர். அவருக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. ஒன்பதே மாதத்தில் முடிந்துபோனதை, 'சுகப்பிரசவம்' என்று சொல்லிச் சிரிப்பார். இப்போது சிரிப்பு வரவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இந்தக் கையில் ஏந்தியவருக்கு, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இல்லை. துணைக்கு வந்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரையே எழுதினார். பிறகு அடித்தார்.

தரையைத் துடைக்க வந்த ஆயா கதவருகே நின்றுவிட்டார். கட்டிலில் போர்வையோடு இருந்த டாக்டரம்மாவையும் கையிலிருந்த ஃபாரத்தையும் பார்த்தார். வாளியை ஓரமாக வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"குடுங்க, நான் போடறேன். காலையில அந்தத் தையக்காரம்மாவுக்கும் நான்தான் போட்டேன்."

கொடுப்பதா வேண்டாமா என்று டாக்டரம்மா யோசித்தார். பிறகு தானே எழுதப் பேனாவைத் திறந்தார். எழுத முடியவில்லை. இருபத்தொரு வருடமாக ஆயா, ஆயா என்றே கூப்பிட்டிருக்கிறார். பெயர் தெரியாது.

ஆயாவே பேனாவை வாங்கி, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் நிதானமாக எழுதினார். அடுத்த கட்டத்தில் நிறுத்தினார்.

"உறவுன்னு இருக்கு. அந்தம்மாவுக்கு அக்கான்னு போட்டேன். உங்களுக்கு என்ன போட?"

"அதையே போடுங்க," என்றார் டாக்டரம்மா.

ஃபாரம் கைக்குத் திரும்பி வந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஆயாவின் பெயரை டாக்டரம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார்.