முழங்கால் பூட்ஸ்

அந்தப் பூட்ஸைத் தெரிந்தெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம்.

எண்பத்தாறாம் ஆண்டு. கரம்பொன் கரையில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் கடலட்டை வாடிக் கொட்டிலுக்கு நான் பொறுப்பு. பிடித்துவரும் அட்டையைப் பெரிய கிடாரங்களில் அவித்து, மணலில் புதைத்து, சுரண்டிக் கழுவிக் காயவைக்கிற வேலை. ஆறு ஆண்கள், ஆறு பேருக்கும் வெறுங்கால். அதற்கு முந்தின கார்த்திகையில் ஒரு கிடாரம் சரிந்து, கொதிதண்ணீர் சில்வெஸ்ரரின் இடது பாதத்தில் ஊற்றுண்டது. இருபத்தாறு வயது, கலியாணம் முடித்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தான். தோல் உரிந்த அந்தக் காலைப் பார்த்துவிட்டு வந்து, சங்கக் கூட்டத்தில் மேசையில் அடித்து, எல்லாருக்கும் பூட்ஸ் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். என் வாய்க்குப் பயந்தே சம்மதித்தார்கள்.

யாழ்ப்பாணத்துக் கடையில் இரண்டு விதம் இருந்தது. ஒன்று வெள்ளை, கணுக்காலோடு நின்றுவிடும். மற்றது கறுப்பு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வந்து இறுக்கிப் பிடிக்கும்.

"வெள்ளையை எடுங்கோ, பிள்ளை. இந்த நாளையில கறுப்பு வேண்டாம்," என்றார் கடைக்காரர்.

வெள்ளையில் சேறு தெரியும் என்றேன். கொதிதண்ணீர் கணுக்காலோடு நிற்குமோ என்றும் கேட்டேன். அவர் எதைச் சொல்ல வந்தார் என்று விசாரிக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. ஆறு சோடி கறுப்பைக் கட்டச் சொன்னேன்.

வாடிக்குள் கொண்டுபோனால், எல்லாருக்கும் மூத்தவரான பஸ்ரியாம்பிள்ளை அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிடாரங்களுக்கு நேரே சுவரில் அந்தோனியார் சுரூபம் வைத்த கூடு இருந்தது. அந்தப் புனிதரின் பார்வையில் படும் இடத்தில் இவர்கள் காலில் எதையும் போடமாட்டார்கள். செருப்புக்கூட வாசலோடு சரி.

"அந்தோனியாருக்கு முன்னால சப்பாத்தோட நிண்டு வேலை செய்யேலாது, பிள்ளை."

"அப்ப அந்தோனியாரைத் தள்ளி வைப்பம், அண்ணை."

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த நாளே கூட்டைக் கழற்றி நான் கணக்கெழுதும் கந்தோர் அறைக்குள் மாட்டினேன். இரண்டு கிழமை ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நானும் விடவில்லை. பூட்ஸ் போடாதவருக்கு அன்று வேலை இல்லை என்று பலகையில் எழுதித் தூக்கினேன். நாலு பேர் முணுமுணுத்தபடி போட்டார்கள். பஸ்ரியாம்பிள்ளை அண்ணை என் தலை தெரியும்போது மாட்டுவார், மறைந்ததும் கழற்றி வேலியில் கவிழ்த்துவிடுவார். சில்வெஸ்ரர் மட்டும் காலையில் போட்டால் பின்னேரம்தான் கழற்றுவான்.

"கால் புழுங்குது, அக்கா. ஆனா நீங்கள் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்பான்.

தை தொடங்கி எட்டு மாதம். ஒருவருக்கும் கால் வேகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, சில்வெஸ்ரரும் பஸ்ரியாம்பிள்ளை அண்ணையும் சாமான் வாங்க யாழ்ப்பாண பஸ் ஏறினார்கள். வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, ஆண்களை இறக்கி வரிசையில் விட்டார்கள். சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கச் சொன்னார்கள். இயக்கத்தில் சேர்ந்து துவக்குத் தூக்குகிற பொடியனின் காலில் பூட்ஸ் அடையாளம் இருக்கும் என்பது அந்தச் சீருடைக்காரரின் எண்ணம். பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் கால் மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு. அவரை விட்டார்கள். சில்வெஸ்ரருக்கு முழங்காலுக்குக் கீழே கோடு கீறினதுபோல ஒரு வளையம், அதற்குக் கீழே வெயில் காணாமல் வெளிறின தோல், பாதத்தில் எரிந்த தழும்பு. அவன் வாய் திறக்கமுன்னமே ட்றக்கில் ஏற்றிவிட்டார்கள்.

என்னை ஏய்த்தவர் வீட்டுக்கு வந்துவிட்டார். என் சொல்லைக் கேட்டவன் போய்விட்டான். அண்ணை இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் சில்வெஸ்ரரின் மனைவி மரியநாயகியைக் கூட்டிக்கொண்டு, சங்கத்துக் கடிதத்தோடு அவனுடைய பூட்ஸையும் தூக்கிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனேன். கண்ணால் கண்டால் விளங்கும் என்று நினைத்தேன். வாசலில் தமிழ் தெரிந்த ஒருவன் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எத்தனை சோடி வாங்கினது?"

"ஆறு."

"மற்ற அஞ்சு பேரும் எங்க? பேர் எழுதித் தாங்க."

ஒருவனை மீட்க வந்து ஐந்து பேரைக் கொடுக்கப் பார்த்தேன். அவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், பேர் நினைவில்லை என்றேன். அவன் சிரித்தான். பூட்ஸைத் தான் இருந்த கதிரைக்குக் கீழே வைத்துக்கொண்டு, அடுத்த கிழமை வரச் சொன்னான். அடுத்த கிழமையும் அதையேதான் சொன்னான்.

வாடிக்கு வந்து எல்லாரையும் பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். அந்தோனியாரைப் பழைய சுவரிலேயே மாட்டினேன். வளையம் மறையும்வரை ஒருவரும் பஸ் ஏறக்கூடாது என்பது என் புதுச் சட்டம். மத்தியானத்தில் அந்த நாலு பேரும் சாரத்தை உயர்த்தி, கரையில் வெயிலுக்குக் கால் நீட்டி இருப்பார்கள். பிறகு எழும்பி அதே வெறுங்காலோடு கிடாரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள். எந்த வாயால் நான் என்னத்தைச் சொல்ல?

மரியநாயகி ஒவ்வொரு நாளும் செய்தி கேட்டு வருவாள். புரட்டாதியில் ஒரு மத்தியானம், வெயிலில் இருந்தவர்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவையளுக்கு மறைஞ்சு போச்சு, என்ன அக்கா?"

"ஓம், பிள்ளை. முக்கால்வாசி போயிட்டுது."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவரை வைச்சிருக்கிற இடத்தில வெயில் படுமோ, அக்கா?"

"படும்," என்றேன். எல்லாம் தெரிந்ததுபோலச் சொல்லிப் பழகிய வாய்.